மட்டக்களப்பில் ஒயில் கூலர் பூட்டுவது எப்படி?

இந்த வழிகாட்டி எல்லாருக்கும் ஆனதல்ல. கதவு இரண்டு, பின்னால் ஒரு செட்டை, சைலன்சரில் இரட்டைக் குழாய் என்று ஒரு கார் உங்களிடம் இருக்க வேண்டும். அது ஸ்போர்ட்ஸ் கார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மறுக்காமல் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்துவிட்ட நாட்டில் அப்படியொன்றை வைத்திருப்பதே பெரிய காரியம். அந்தக் காசுக்குப் படுவான்கரையில் வயற்காணி வாங்கியிருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். வயற்காணிக்கு ஒயில் கூலர் பூட்ட முடியாது.

ஒயில் கூலர் என்பது பம்பருக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும்; இதற்குள் எஞ்சின் ஒயில் ஓடும். ஒயில் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் என்றொரு தட்டைச் செருகுவார்கள். அதிலிருந்து இரண்டு ஹோஸ் முன்னால் போகும். ஒன்றில் சூடான ஒயில் போய், காற்றுப் பட்டு ஆறி, மற்றதில் திரும்பி வரும். அவ்வளவுதான். இது தெரியாமலே பூட்டலாம், பலர் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போது யாராவது குனிந்து பார்த்து "இது என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

மீற்றர் பக்கம் போகாதீர்கள்

கூலர் வாங்க நினைப்பவர் செய்யவே கூடாத காரியம், ஒயிலின் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றை முதலில் வாங்கிப் பூட்டுவது. கூலரை விட அது மலிவு, முதலில் அளந்து பார், பிறகு தீர்மானி என்று சிலர் புத்தி சொல்வார்கள். மயங்க வேண்டாம். மீற்றரைப் பூட்டி ஒரு கிழமை ஓடினால், கூலர் வாங்குவதற்கு இருந்த காரணம் கையை விட்டுப் போய்விடும்.

எஞ்சின் ஒயில் 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது சந்தோஷமாக வேலை செய்யும். 120ஐத் தொட்டாலும் இன்றைய சிந்தெடிக் ஒயில் தாங்கிக்கொள்ளும். 130ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் ஆபத்து. சூடு பத்துப் பாகை ஏற ஏற, ஒயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது இரசாயனப் பாடத்துக் கணக்கு. அந்த 130க்கு ஒயில் எப்படிப் போகும்? எஞ்சினை ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றில் வைத்து, அக்சிலேற்றரை அடிமட்டத்துக்கு மிதித்து, கால்மணி அரைமணி விடாமல் ஓட்ட வேண்டும். பிஸ்டனின் அடியில் போய் அடிபடும் ஒயிலும், பெயரிங்குகளுக்கு நடுவே அரைபடும் ஒயிலும்தான் சூட்டை வாங்கி வருகின்றன. மேலே எரிகிற வெயிலுக்கு அதில் பங்கு குறைவு.

இனி உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். கல்லடியிலிருந்து புளியந்தீவுக்கு வருகிறீர்கள். 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை, பழைய மானிங் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போக முடிந்தது. அந்தக் காலத்தில் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்திருந்தால், அதன் ஒயில் பாலத்தடியில் காத்துநின்றே ஆறியிருக்கும். இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வழிவிட வேண்டியதில்லை. மூன்றாவது கியர் போடலாம். போட்ட கையோடு இரண்டாவதுக்கு இறக்க வேண்டிய இடம் வந்துவிடும்.

தூர ஓட்டம் வேண்டுமென்றால் கல்முனை வீதி. காத்தான்குடியில் பேரீச்ச மரங்களின் ஓரமாக, நடந்து போகிறவர் உங்களை முந்திப் போக, நகருவீர்கள். ஆரையம்பதி தாண்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம். களுவாஞ்சிகுடிக்குப் போகுமுன் மாடு வரும். அது வீதியைக் கடக்கிற மாடல்ல. வீதியில் குடியிருக்கிற மாடு. அறுவடைக் காலமென்றால் வீதியில் பாதியை நெல் பிடித்திருக்கும், காய்வதற்காக. சட்டப்படி ஊர்மனைக்குள் 50, வெளியே 70. ஆனால் எழுவான்கரையில் ஊர்மனை எங்கே முடிந்து வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்லக்கூடிய ஒருவரை இதுவரை யாரும் கண்டதில்லை.

சமதரையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறிய காரை ஓட்ட ஐந்தாறு கிலோவாட் போதும். உங்கள் எஞ்சினின் முழுச் சக்தி 150 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. மிச்ச இருபத்துநான்கு பங்கும் காத்தான்குடியில் உங்களோடு சேர்ந்து வழி கிடைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கின்றன. மீற்றர் இருந்தால் இந்த உண்மையை 91, 93, 92 என்று ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருக்கும். அப்படியொரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

எல்லாப் பழியும் கச்சானுக்கு

பிறகு எதைச் சொல்லி வாங்குவது? கச்சானைச் சொல்லி. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, மலை இறங்கும்போது சூடேறி நம் பக்கம் கச்சானாக வருகிறது. வைகாசி பிறந்தால் ஆவணி வரைக்கும் அதன் ஆட்சி. கொடியில் போட்ட சாரம் காய்கிற வேகத்தில் மனிதரும் காய்ந்துபோவார்கள். "இந்தக் கச்சானுக்குள்ள எஞ்சின் என்ன பாடுபடும்!" என்று நீங்கள் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை. தலையிடி, கோபம், பிள்ளை படிக்காதது என்று எதையும் கச்சானின் தலையில் கட்டலாம் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். ஒயில் கூலரையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கணக்குத் தெரிந்த ஒருவர் எழும்பிக் கேட்கக்கூடும்: மற்ற நாளில் 30 பாகைக் காற்று, கச்சான் நாளில் 37 அல்லது 38, ஒயிலுக்கு ஏழெட்டுப் பாகை கூடினால் 92 நூறாகும், நூறுதானே ஒயிலுக்கு மிகவும் பிடித்த சூடு? இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் விஞ்ஞான ஆசிரியராக இருப்பார். பிள்ளைகளின் சோதனை முடிவுகளைப் பற்றி விசாரித்துப் பேச்சை மாற்றுங்கள்.

உலக உதாரணங்களும் கைவசம் இருக்க வேண்டும். நல்லது நிஸான் 370 இஸட். 2009ஆம் ஆண்டு மாடலாக வந்த அந்தக் காரைப் பந்தயத் தடத்தில் சில சுற்றுகள் விரட்டியவர்களின் ஒயில் 130 பாகையைத் தாண்டிப் போய், எஞ்சினைக் காப்பாற்றக் காரின் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்தது. பிறகு நிஸான் கம்பனியே சில மாடல்களில் கூலரைப் பூட்டி விற்றது. இதைச் சொல்லிவரும்போது "பந்தயத் தடத்தில்" என்ற இடத்தில் இருமிவிட வேண்டும். அடுத்தது பழைய போர்ஷ 911. 1998 வரைக்கும் அதன் எஞ்சினுக்கு ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது. காற்றும் ஒயிலும்தான் ஆற்ற வேண்டும். அதனால் முன் மட்காட்டுக்குள் பெரிய ஒயில் கூலர் ஒன்றை வைத்தார்கள், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு. இலங்கையில் இன்னும் ஓடித்திரியும் வொக்ஸ்வாகன் பீட்டிலிலும் கதை இதுதான். அதன் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, கம்பனி வைத்தபடி இருக்கிறது. உங்கள் காருக்குத் தண்ணீர் ரேடியேட்டர் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவருகிற மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தையும் சிலர் இழுப்பார்கள். இழுக்காமல் இருப்பது நல்லது. அங்கே ஏற்றம் தொடங்கி முடிய எடுக்கும் நேரத்துக்குள் ஒயில் சூடேறி முடிவதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் சுற்றுச் சுற்றாக ஓடுகிறவனுக்குக் கூலர் வேண்டும்தான். அவன் எந்த வழிகாட்டியையும் வாசிக்காமலே அதைப் பூட்டியிருப்பான். அவனிடம் மீற்றர் இருக்கிறது.

பொருள் எடுப்பது

கூலர்கள் எத்தனை வரிசைக் குழாய் என்ற கணக்கில் விற்கப்படுகின்றன: 10, 13, 19, 25. சாதாரணக் காரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறவருக்கு 13 தாராளம். நீங்கள் 25 எடுங்கள். பம்பருக்குள் கொள்ளாதுதான், பம்பரை வெட்டலாம். சுவீடனின் செட்ரப், இங்கிலாந்தின் மோகல் என்று பெயர் பெற்ற சாமான்கள் உண்டு. அதே பெயர் அச்சடித்த, அந்த நாடுகளைக் கண்ணாலும் காணாத சாமான்களும் உண்டு. சுவிஸ் மாமாவிடம் கேட்டால் அவர் முதலாவதை அனுப்புவார். கூடவே வேலை வெட்டி பற்றி நாலு கேள்வியும் அனுப்புவார். பஞ்சிகாவத்தையில் தேடினால் யாரோ கழற்றிய பழைய கூலர் அகப்படும். அதற்குள் செத்துப்போன எஞ்சினின் இரும்புத் தூள் படிந்திருக்க இடமுண்டு. எவ்வளவு கழுவினாலும் அந்தச் சின்னக் குழாய்களுக்குள் இருப்பது முழுக்க வெளியே வராது. ஓட ஓட, அது ஒயிலோடு சேர்ந்து உங்கள் எஞ்சின் பக்கம் வரும். மலிவு என்றால் மலிவுதான்.

ஹோஸின் நிறத்தில் கவனம் தேவை. கறுப்பு ரப்பர் ஹோஸ் யார் கண்ணிலும் படாது. பின்னிய உருக்குக் கம்பி உறையும், சிவப்பும் நீலமுமான மூட்டுகளும் உள்ளதை எடுங்கள். பொனட்டைத் திறந்தவுடன் தெரிய வேண்டும்.

பொனட்டைத் திறப்பது என்ற பேச்சு வந்ததால் ஒன்று. உங்கள் காரில் ஃபில்டருக்கு அடியில் கம்பனிக்காரன் ஏற்கெனவே உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி ஒன்றை வைத்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் அதற்குள் ஒயிலைத் தொட்டுக்கொண்டு ஓடும். காலையில் தண்ணீர் முதலில் சூடாவதால் ஒயிலையும் சூடாக்கிவிடும். பிறகு ஒயில் மிஞ்சிப்போனால் அதன் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். காசில்லாமல் வந்தது, வெளியே தெரியாதது, ஒழுங்காக வேலை செய்வது. ஆகவே அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் சாண்ட்விச் பிளேட்டைப் பூட்ட வேண்டும்.

பாஸைத் தெரிவு செய்தல்

நல்ல மெக்கானிக் பாஸ் யார் என்று கண்டுபிடிப்பது லேசு. கூலர்ப் பெட்டியைக் கையில் கொடுங்கள். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து, கைவிளக்கை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்து, மெல்லிய தகடுகளுக்கு நடுவே நகத்தை விட்டுச் சுரண்டிப் பார்ப்பார். நெற்சப்பி, வைக்கோல் தும்பு, வண்ணத்துப்பூச்சியின் செட்டை, நாவலடி மணல் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விழும். கீழ்ப்பக்கத்தில் கைவிரல் அகலத்துக்குத் தகடுகளே உப்புத் தின்று உதிர்ந்திருக்கும். பிறகு ஒயில் குச்சியை இழுத்து, ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மணந்து பார்ப்பார்.

"தம்பி, ஒயில் மாத்தி எவ்வளவு காலம்?"

"போன தீபாவளிக்கு முன்னம்."

"முதல்ல இதக் கழுவி, ஒயில மாத்துவம். ரேடியேட்டர் மூடியும் தெர்மோஸ்டாட்டும் ஒருக்காப் பாக்கணும். மறுகா ஓடிப் பாத்துட்டு வாங்க. கூலர் எங்கயும் ஓடிராது."

இப்படிப் பேசுகிற பாஸிடம் காரை விடாதீர்கள். நூறில் தொண்ணூறு கார்களில் சூடு ஏறுகிறது என்று சொல்லப்படுவதெல்லாம் இவர் சொன்ன பட்டியலுக்குள் அடங்கிவிடும், செலவும் கூலரின் பெட்டி விலைக்கு வராது. உங்களுக்கு வேண்டியது, பெட்டியைக் கண்டதும் கண் விரிந்து, "பூட்டிரலாம், பின்னேரம் வாங்க" என்று சொல்கிற ஆள்.

அவரிடம் மூன்று விடயங்களை வற்புறுத்துங்கள். கூலரை ரேடியேட்டருக்கும் ஏசி கொண்டென்சருக்கும் நேர் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒயில் ஆறி, அந்தச் சூட்டுக் காற்று பின்னால் போய்த் தண்ணீரையும் ஏசியையும் பதம் பார்க்கும். ஹோஸைச் சேசியின் கூர் விளிம்பில் சாய்ந்து போகும்படி விடச் சொல்லுங்கள், கிளிப் வேண்டாம். மூன்றாவதும் முக்கியமானதும்: தெர்மோஸ்டாட் உள்ள பிளேட் வேண்டாம். ஒயில் 80 பாகைக்கு வரும்வரைக்கும் கூலருக்குள் போகாமல் தடுத்து வைக்கும் சின்ன வால்வு அது. கூலர் வாங்கியதே ஆற்றுவதற்கு; அதைத் தடுக்கவும் காசு கொடுப்பதா?

ஹோஸ் விடயத்தில் மட்டும் ஒரு நிமிடம் விளையாட்டை நிறுத்திச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது அந்த ஹோஸுக்குள் ஒயில் நான்கைந்து பார் அழுத்தத்தில் இருக்கிறது. கம்பி உறை போட்ட ஹோஸ் அரம் மாதிரி வேலை செய்யும்; தொட்ட பொருளையும் அறுக்கும், தானும் அறுபடும். ஓட்டை விழுந்தால் நான்கைந்து லீற்றர் ஒயிலும் வீதிக்கு வர ஒரு நிமிடம்கூட வேண்டாம். சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு, "என்ன இது" என்று யோசித்து, ஓரமாக நிறுத்த நல்ல மர நிழல் பார்க்கிற நேரத்துக்குள் பெயரிங் உருகிவிடும். கூலர் இல்லாத காரில் இப்படி ஒரு வழியே கிடையாது. எஞ்சினைக் காப்பாற்றப் பூட்டிய சாமான் எஞ்சினைத் தின்ற கதைகளில் பல இந்த ஹோஸின் கதைதான். ரப்பர் உறை, ஒழுங்கான கிளிப், திரும்புகிற சில்லிலிருந்து தூரம் ஆகியவற்றை மட்டும் எந்தப் பாஸிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள். சரி, தொடர்வோம். பெயரிங் உருகினால் கச்சான்.

மாமியின் தரை

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேருகிறவர். ஆகவே உங்கள் கார் நிற்பது மாமியின் போர்டிகோவில், மாமி கடை கடையாக ஏறி இறங்கித் தெரிவு செய்த டைல்ஸின் மேல். கூலர் இல்லாதபோது ஒயில் வெளியே வர ஃபில்டர் அடியில் ஒரு மூட்டுத்தான் இருந்தது. இப்போது பிளேட்டுக்கு இரண்டு பக்கம், ஹோஸ்களுக்கு நான்கு முனை, கூலருக்கு இரண்டு வாய் என்று கூடியிருக்கிறது. ஒவ்வொன்றும் சொட்டும் என்று சொல்ல முடியாது. ஒன்றுகூடச் சொட்டாது என்றும் சொல்ல முடியாது.

"மருமகன், காருக்குக் கீழ என்னமோ ஒழுகிக் கிடக்கு."

"அது ஒயில் மாமி. கொஞ்சம்தான்."

"முன்னம் ஒழுகல்லயே?"

"இப்ப கூலர் பூட்டியிருக்கு மாமி. எஞ்சினுக்கு நல்லம்."

"அப்ப அதக் கழட்டினா ஒழுக்கு நிக்குமா?"

உலகத்தில் வெளிவந்த எந்தக் கூலர் வழிகாட்டியிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இதிலும் இல்லை. பழைய பேப்பர் விரியுங்கள்.

பூட்டிய பிறகு

கார்த்திகை பிறந்து மழை தொடங்கியதும் கூலரின் முழுப் பலனும் தெரியவரும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், வீடு திரும்ப நாலைந்து கிலோமீற்றர். தண்ணீரின் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் அந்தச் சூட்டுக்கு வர ஏறக்குறைய இன்னொரு மடங்கு நேரம் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத 25 வரிசைக் கூலரும் மழைக்காற்றும் சேர்ந்தால் அது வரவே வராது. 60இல், 65இல் நின்றுவிடும். 30 என்று போட்ட ஒயில் 100 பாகையில் ஓடுகிற ஓட்டத்தை நம்பித்தான் எஞ்சினின் இடைவெளிகளை வகுத்திருக்கிறார்கள். 60 பாகையில் அதே ஒயில் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பு. பம்ப் கஷ்டப்படும், பெற்றோல் கூடப் போகும். நீங்கள் அழுத்த மீற்றரைப் பார்த்து "பிரஷர் ஏறிட்டு, பாத்தீங்களா!" என்று மகிழலாம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கும் தெரியாது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சரால் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி, ஒயிலோடு கலந்து, புளித்து, உள்ளே இரும்பைத் தின்னத் தொடங்கும். ஒரு மழைநாளில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் வெள்ளையாக, திட்டுத் திட்டாக, சட்டியிலிருந்து அகப்பையால் வழித்தெடுத்த எருமைத் தயிர் போல ஒன்று ஒட்டியிருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் மாரிகாலத்தில் காண்கிற காட்சி அது. வருடம் முழுக்கக் குளிரே இல்லாத மட்டக்களப்பில் அதை உண்டாக்கிக் காட்டியிருக்கிறீர்கள். சின்ன சாதனை அல்ல.

இதற்குப் பரிகாரம் உண்டு. பிஸ்கட் பெட்டியை வெட்டி, அந்த மட்டையைக் கூலரின் முன்னால் கட்டிவிடுங்கள், காற்றுப் படாது. பகிடியல்ல, பந்தயக்காரர்களே குளிர் நாட்களில் கூலரின்மேல் டேப் ஒட்டி மறைப்பதுண்டு. கூலரை வாங்கி, பம்பரை வெட்டி, பூட்டி, பிறகு அதை மறைக்கிற இந்த நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் தேர்ந்தவர்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். கல்லடியும் நாவலடியும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அலுமினியக் கூலரை இரும்பு போல்ட்டால் இறுக்கி உப்புக்காற்றில் விட்டால், இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால், வேகம் குறைத்து, கழுவ வேண்டும். கராஜில் இருக்கிற அழுத்தக் குழாயைப் பிடித்தால் தகடுகள் மடங்கி, காற்றுப் போகிற வழி அடைபடும்.

கழுவுவதைப் படிக்க வேண்டுமென்றால், மாசி பங்குனியில் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போங்கள். பெரும்போக வெட்டு நடக்கும். வெட்டு மெஷினின் ட்ரைவர் வயல் நடுவில் மெஷினை நிறுத்தி, பக்கத்து வலைத் தட்டியைக் கழற்றி, அதில் படிந்த சப்பியைத் தும்புக்கட்டையால் தட்டுவார். பிறகு காற்றுக் குழாயை உள்ளே இருந்து வெளியே ஊதுவார், வெளியே இருந்து உள்ளே ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போய்விடும் என்பதால். அந்த மெஷின் காலை தொடங்கி இருட்டும்வரை முழுப் பாரத்தில், புழுதிக்குள், ஒரே சுற்றில் இரைந்துகொண்டிருக்கும். ஒயிலை ஆற்றுவது அங்கே விளையாட்டல்ல. வாழைச்சேனைத் துறைமுகத்தில் நாட்கணக்கில் கடலுக்குப் போகிற வள்ளங்களின் எஞ்சின்களும் அப்படித்தான். அவற்றைக் கடல் தண்ணீரே ஆற்றுகிறது. இந்தப் பிரதேசத்தில் உண்மையாகவே ஒயிலைச் சுடவைக்கிற மனிதர்கள் இவர்கள். யாரும் பொனட்டைத் திறந்து காட்டுவதில்லை.

உங்களுக்கும் ஒரு நாளைக்கு ஒயிலைச் சுடவைத்துப் பார்க்கும் ஆசை வந்தால், செங்கலடியால் கிறுகிப் பதுளை வீதியில் போங்கள். கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா தாண்டி, பிபிலைக்கு அப்பால் லுணுகலை, பசறை ஏற்றத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு பேரை ஏற்றி இழுத்தால் ஒயில் கொஞ்சம் வேர்க்கும். முன்னால் ஒரு லொறி போகும். அதன் வேகத்தில்தான் நீங்களும் போக வேண்டும். ஆகவே அங்கேயும் பெரிதாக ஒன்றும் நடக்காது. காட்சி மட்டும் நல்லது.

மாரி வெள்ளம் ஏறி, முகத்துவாரத்தை வெட்டிவிடுகிற நாட்களில் காரை வெளியே எடுக்காதீர்கள். கூலர் பம்பரின் அடியில் தொங்குகிறது. வெள்ளத்தையும் வேகத்தடையையும் முதலில் சந்திப்பது அதுதான். பொலிஸைப் பற்றியும் கேட்பீர்கள். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்த அலங்காரங்களைக் கழற்றவைத்த நாளிலிருந்து எல்லாருக்கும் பயம்தான். கூலர் உள்ளே இருப்பதால் கேட்க மாட்டார்கள். வெட்டிய பம்பரைக் கேட்பார்கள்.

விற்கும்போது

கடைசியில் காரை விற்க வேண்டிவரும். பிள்ளை இரண்டாகும், கதவு நான்கு தேவைப்படும். விளம்பரத்தில் "ஒயில் கூலர் பூட்டியது" என்று பெருமையோடு போடுவீர்கள். வாங்க வருகிறவர் அதை வாசித்துவிட்டு, இந்தக் காரை எவனோ பேய்த்தனமாக ஓட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டி, விலையில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்பார். இல்லை, காத்தான்குடிக்கு அப்பால் அதிகம் போனதில்லை என்று சத்தியம் செய்தால், பிறகு கூலர் எதற்கு என்று கேட்பார். இரண்டுக்கும் நடுவே நிற்க இடமில்லை.

ஆகவே விற்குமுன் கழற்றிவிடுங்கள். பழைய ஃபில்டர் போல்ட்டையும் அந்த உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டியையும் அன்றைக்கே எறியாமல் வைத்திருந்தால் வேலை சுலபம்; எறிந்திருந்தால் மறுபடி பஞ்சிகாவத்தை. கூலரைத் தனியாக விற்கலாம். "குறைந்த பாவனை" என்று போடுங்கள், அது முழு உண்மை. விலை போடாமல் "நேரில் பேசலாம்" என்று போடுங்கள். தொடர்புக்கு உங்கள் நம்பரைக் கொடுங்கள், வீட்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். அதை எடுப்பது மாமி.